பத்துப் பொருத்தமும் ரத்தப் பொருத்தமும்: ஓ நெகட்டிவ் வாசகிக்கு ஒரு மகப்பேறு மருத்துவரின் பதில்

கொங்குப் பகுதியின் சிறுநகரம் ஒன்றிலிருந்து 28 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருக்குத் திருமணமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. முதல் ஆண்டு முடிவதற்குள் கருத்தரித்தார். எட்டாவது வாரத்தில் இரத்தப்போக்கு ஏற்பட்டது. ஸ்கேனில் குழந்தையின் இதயத் துடிப்பு இல்லை என்று தெரிந்ததும், தனியார் மருத்துவமனை ஒன்றில் டி அண்ட் சி செய்து கருப்பையைச் சுத்தம் செய்தார்கள். தமக்கு ஓ நெகட்டிவ், கணவருக்கு பி பாசிட்டிவ் என்பது அப்போதுதான் குடும்பத்துக்குத் தெரிய வந்தது. வீடு திரும்பும் முன் இரண்டு ஊசிகள் போட்டார்களாம். அவை என்ன ஊசிகள் என்று அவருக்குத் தெரியாது. அதன் பிறகு 16 மாதங்களாகக் கரு உருவாகவில்லை. 'பத்துப் பொருத்தம் பார்த்தோமே, ரத்தப் பொருத்தம் பார்க்காமல் விட்டுவிட்டோமே' என்று மாமியார் நாள்தோறும் வருந்துகிறார்; தம் அண்ணன் மகளும் பி பாசிட்டிவ்தான், அவளைக் கட்டியிருந்தால் இந்நேரம் பேரன் பிறந்திருப்பான் என்கிறார். இவருடைய பெற்றோர் இருவருமே பாசிட்டிவ் என்பதால், மகளுக்கு மட்டும் நெகட்டிவ் எப்படி வந்தது என்ற கேள்வியும் ஒருநாள் எழுந்து, அது இவரை மிகவும் புண்படுத்தியிருக்கிறது. நெகட்டிவ் பெண்ணுக்கு முதல் கரு போய்விட்டால் அப்புறம் எதுவும் தங்காது என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்கிறார். 'இரத்தப் பொருத்தத்தைச் சரிசெய்யும்' மருந்துக்கு 40,000 ரூபாய் கேட்கிறது ஓரிடம். கணவரோ, தம் இரத்தத்தில் குறையில்லை என்பதால் தமக்கு எந்தப் பரிசோதனையும் தேவையில்லை என்கிறார். 'இந்த இரத்தத்தை வைத்துக்கொண்டு நான் தாயாக முடியுமா?' என்று கடிதம் முடிகிறது.

அன்புள்ள சகோதரிக்கு,

முடியும். உங்கள் இரத்த வகை நீங்கள் கருத்தரிப்பதைத் தடுக்கவில்லை. எட்டாவது வாரத்தில் அந்தக் கரு கலைந்ததற்கும் அது காரணமல்ல. கருத்தரித்த பிறகு கவனிக்க வேண்டிய ஒரு விஷயமாக மட்டுமே அது உங்கள் வாழ்வில் வரும். அதையும் ஓர் எளிய பரிசோதனையாலும் ஓர் ஊசியாலும் சமாளித்துவிடலாம். ஆனால் உங்கள் கடிதத்தில் வேறு எதையோ பற்றிச் சொல்லும்போது போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கவலைப்பட வைத்தது அந்த வரிதான். அதற்கு வருவதற்கு முன், வீடு முழுவதும் பேசிக்கொண்டிருக்கும் இரத்தத்தைப் பற்றிய குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுவோம்.

இரத்த வகை எங்கே குறுக்கிடுகிறது

ஏ, பி, ஓ என்ற பிரிவுகளை 1901-இல் கார்ல் லாண்ட்ஸ்டைனர் வெளியிட்டார். பாசிட்டிவ், நெகட்டிவ் என்று நாம் சொல்வது அதனினும் வேறான ஆர்.எச். என்ற அமைப்பு, அது 1940-இல் அறியப்பட்டது. சிவப்பணுவின் மேற்பரப்பில் 'டி' என்னும் புரதம் இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ். இந்தியாவில் 100 பேரில் ஏறக்குறைய ஐந்து பேருக்கு இது இருப்பதில்லை; ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறக்குறைய 15 பேருக்கு இல்லை. இது நோயோ குறைபாடோ அல்ல. கருமுட்டை முதிர்வதிலோ, விந்தணு அதை அடைவதிலோ, கரு கருப்பையில் ஒட்டிக்கொள்வதிலோ இந்தப் புரதத்துக்கு எந்தப் பங்கும் இல்லை.

சிக்கல் எழக்கூடியது ஒரே ஒரு சேர்க்கையில்தான்: தாய் நெகட்டிவாக இருந்து, வயிற்றில் வளரும் குழந்தை தந்தையைக் கொண்டு பாசிட்டிவாக இருந்தால். (தாய் பாசிட்டிவ், தந்தை நெகட்டிவ் என்றாலோ இருவரும் ஒரே வகை என்றாலோ ஆர்.எச். பிரச்சினை இல்லை. இதைக் கேட்டு வருபவர்கள் ஏராளம் என்பதால் சொல்லி வைக்கிறேன்.) கர்ப்ப காலத்தில் தாயின் இரத்தமும் குழந்தையின் இரத்தமும் பெரும்பாலும் கலப்பதில்லை. பிரசவத்தின்போது நச்சுக்கொடி பிரியும் நேரத்தில்தான் குழந்தையின் சிவப்பணுக்கள் ஓரளவு தாயின் இரத்தத்துக்குள் நுழைகின்றன. தாயின் உடல் அந்த டி புரதத்தை அந்நியப் பொருளாகக் கருதி அதற்கு எதிர்ப்பொருளை உருவாக்குகிறது. இது மெதுவாக நடக்கும் வேலை. அது முடிவதற்குள் குழந்தை வெளியே வந்திருக்கும். எனவே முதல் குழந்தைக்குப் பொதுவாக ஒன்றும் ஆவதில்லை. அடுத்த கர்ப்பத்தில் மீண்டும் பாசிட்டிவ் குழந்தை வளர்ந்தால், ஏற்கெனவே தயாராக இருக்கும் எதிர்ப்பொருள்கள் நச்சுக்கொடியைக் கடந்து சென்று குழந்தையின் சிவப்பணுக்களை அழிக்கும். அதனால் இரத்தசோகையும் கடும் மஞ்சள் காமாலையும் வரலாம். மிக மோசமான நிலையில் குழந்தையின் உடலில் நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

பக்கத்து வீட்டுப் பாட்டியின் பேச்சுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. 1960-களில் இங்கிலாந்தின் லிவர்பூலிலும் அமெரிக்காவின் நியூயார்க்கிலும் மருத்துவர்கள், தாயின் உடலில் இந்த எதிர்ப்பொருள் உருவாகாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசியை உருவாக்கி, 1968-இல் அது பயன்பாட்டுக்கு வரும்வரை, நெகட்டிவ் தாய்க்கு முதல் குழந்தை நன்றாகப் பிறந்து அடுத்தடுத்த குழந்தைகள் தங்காமல் போனது உலகெங்கும் உண்மையாகவே நடந்தது. இங்கே அந்த ஊசி பரவலாகச் சென்று சேர இன்னும் நாளாயிற்று. பாட்டி கண்ணால் கண்டதைச் சொல்கிறார். அதைப் பழிக்க வேண்டாம். ஆனால் அந்தக் கதையின் வரிசையைக் கவனியுங்கள்: முதல் குழந்தை தப்பிக்கும், பிறகு வருபவைதான் பாதிக்கப்படும். உங்களுக்கோ முதல் கருவே எட்டாவது வாரத்தில் கலைந்தது. உங்களுக்கு முன்பு எப்போதாவது தவறான வகை இரத்தம் ஏற்றப்பட்டிருந்தாலன்றி, அந்த முதல் கருவைத் தாக்க உங்கள் உடலில் எதிர்ப்பொருள் இருந்திருக்கவே முடியாது. அப்படியே இருந்தாலும் அதன் விளைவு பொதுவாக நான்கு மாதத்துக்குப் பிறகுதான் தெரியும்.

முதல் மூன்று மாதங்களில் கலையும் கருக்களில் பாதிக்கு மேற்பட்டவை குரோமோசோம் எண்ணிக்கையில் தற்செயலாக நேரும் பிழையால் கலைகின்றன. உறுதியான கர்ப்பங்களில் 10 முதல் 15 விழுக்காடு வரை இப்படி முடிகின்றன. பாரம் தூக்கியது, பப்பாளி தின்றது, இரத்தம் பொருந்தாதது என்று காரணம் தேடி உங்களை நீங்களே வதைத்துக்கொள்ள வேண்டாம்.

அந்த இரண்டு ஊசிகள்

கருச்சிதைவின்போது ஆன்டி-டி போட்டார்களா என்பது உங்கள் பெரிய கவலை. அந்த மருத்துவமனையில் டிஸ்சார்ஜ் சுருக்கத்தையும் சிகிச்சைக் குறிப்புகளின் நகலையும் எழுத்து மூலம் கேளுங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கழக நெறிமுறை. இதற்கு நீங்கள் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

ஒருவேளை போடவில்லை என்றே தெரிய வந்தாலும் பதறாதீர்கள். எட்டு வாரக் கருவின் உடலில் உள்ள மொத்த இரத்தமே மிக மிகக் குறைவு. 12 வாரத்துக்கு முந்தைய கருக்கலைப்பில் இந்த ஊசி தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனமே 2022-இல் வழிகாட்டியிருக்கிறது. இந்தியாவில் பெரும்பாலான மகப்பேறு மருத்துவர்கள், நான் உட்பட, டி அண்ட் சி செய்தால் போட்டுவிடுவதே பாதுகாப்பு என்று கருதுகிறோம். இந்த வேறுபாடு தொடர்கிறது. எப்படியிருந்தாலும் உங்கள் விஷயத்தில் ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஐ.சி.டி. எனப்படும் மறைமுக கூம்ஸ் பரிசோதனையை இப்போதே செய்துகொள்ளுங்கள். சாதாரண இரத்தப் பரிசோதனைதான். நல்ல ஆய்வகங்கள் எல்லாவற்றிலும் செய்கிறார்கள். அது நெகட்டிவ் என்று வந்தால் உங்கள் உடலில் எதிர்ப்பொருள் உருவாகவில்லை என்று பொருள். அடுத்த கர்ப்பத்தைத் தெளிந்த மனத்துடன் தொடங்கலாம். அது பாசிட்டிவ் என்று வந்தாலும் தாய்மை முடிந்துவிடாது. நெருக்கமான கண்காணிப்பு தேவைப்படும், அவ்வளவே.

நீங்கள் ஒரே வரியில் சொல்லிக் கடந்தது

"முன்பெல்லாம் ஐந்து நாள் இருக்கும், சுத்தம் செய்த பிறகு ஒன்றரை நாளில் நின்றுவிடுகிறது, அதுவும் நல்லதுக்குத்தான் என்று இருந்துவிட்டேன்" என்று மாதவிலக்கைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். 16 மாதங்களாக உங்களைச் சுற்றி இருப்பவர்கள் இரத்த வகையைப் பற்றியே பேசியதில், யாரும் கேட்காமல் விட்ட கேள்வி இது.

டி அண்ட் சி-க்குப் பிறகு சிலருக்குக் கருப்பையின் உட்சுவர்கள் தழும்பால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது உண்டு. எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை, ஆனால் கருப்பையைச் சுத்தம் செய்த கையோடு மாதவிலக்கு இவ்வளவு குறைந்து, கருவும் உருவாகவில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். தைராய்டு குறைபாடு, புரோலாக்டின் என்ற ஹார்மோனின் மிகுதி, சினைப்பை நீர்க்கட்டிகள் ஆகியவையும் இதேபோன்ற மாற்றத்தை உண்டாக்கலாம். ஆகவே கடிதத்தை மட்டும் வைத்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். செய்ய வேண்டியவை தெளிவானவை: தைராய்டு, புரோலாக்டின் பரிசோதனைகள், மாதவிலக்கு முடிந்த சில நாட்களுக்குள் கருப்பைக்குள் உப்புநீர் செலுத்திப் பார்க்கும் ஸ்கேன், தேவைப்பட்டால் ஹிஸ்டரோஸ்கோப்பி என்னும் உள்நோக்கிக் கருவிப் பரிசோதனை. ஒட்டுதல் இருந்தால் அதே கருவியால் நேரில் பார்த்துப் பிரித்துவிட முடியும். லேசான ஒட்டுதல் உள்ளவர்களில் பலர் அதன் பிறகு இயல்பாகவே கருத்தரிக்கிறார்கள். ஆனால் கருத்தரித்ததும் உங்கள் மருத்துவரிடம் இந்த வரலாற்றைச் சொல்லிவிட வேண்டும். நச்சுக்கொடி கருப்பைச் சுவரில் ஆழமாக ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு இவர்களுக்குச் சற்றுக் கூடுதல் என்பதால் ஸ்கேனில் அதைத் தனியாகக் கவனிப்பார்கள்.

35 வயதுக்கு உட்பட்ட தம்பதியர் ஓராண்டு முயன்றும் கரு உருவாகாவிட்டால் இருவரையும் பரிசோதிக்க வேண்டும் என்பது பொது விதி. நீங்கள் அந்த எல்லையைக் கடந்து நான்கு மாதங்கள் ஆகிவிட்டன. 'இருவரையும்' என்பதை உங்கள் கணவர் தயவுசெய்து கவனிக்கட்டும். குழந்தையின்மைக்காக வரும் தம்பதியரில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் தரப்புக் காரணமும் முழுதாகவோ பகுதியாகவோ இருக்கிறது. இரத்தம் பாசிட்டிவ் என்பது விந்தணுவின் எண்ணிக்கையையோ அசைவையோ பற்றி எதையும் சொல்வதில்லை. முன்பு ஒருமுறை கரு உருவானதே என்றால், அது நல்ல அறிகுறிதான். இன்றைய நிலைக்கு அது சான்றிதழ் ஆகாது.

பெற்றோர் பாசிட்டிவ், மகள் நெகட்டிவ்

உங்களைப் புண்படுத்திய அந்தக் கேள்விக்கு மருத்துவத்தில் நேரான விடை இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு ஆர்.எச். மரபணுக்கள் வருகின்றன. இரண்டில் ஒன்றில் டி இருந்தாலே ஒருவர் பாசிட்டிவ். உங்கள் அப்பாவும் அம்மாவும் பாசிட்டிவாக இருந்துகொண்டே ஆளுக்கொரு நெகட்டிவ் மரபணுவை மறைவாகச் சுமக்கிறார்கள். அத்தகைய பெற்றோரின் ஒவ்வொரு குழந்தைக்கும் நெகட்டிவாகப் பிறக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. நம் நாட்டில் பாசிட்டிவாக இருப்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இப்படிச் சுமப்பவர்தான். இதில் உங்கள் தாயின் ஒழுக்கத்தைக் கேள்வி கேட்க எந்த இடமும் இல்லை.

உண்மையில் யாருடைய இரத்த வகையையாவது தெரிந்துகொள்வது பயன்தரும் என்றால், அது உங்கள் மாமனார், மாமியாருடையது. அவர்களில் ஒருவர் நெகட்டிவாக இருந்தால் உங்கள் கணவரிடம் ஒரு நெகட்டிவ் மரபணு நிச்சயம் இருக்கும். அப்போது உங்கள் குழந்தை உங்களைப் போலவே நெகட்டிவாகப் பிறக்க பாதி வாய்ப்பு உண்டு, அந்தக் குழந்தைக்கு இந்தப் பேச்சே எழாது. ரத்தப் பொருத்தத்தில் இவ்வளவு அக்கறை கொண்ட மாமியார் தம் விரல் நுனியில் ஒரு துளி தரத் தயங்க மாட்டார் என்று நம்புகிறேன்.

அண்ணன் மகள் பேச்சையும் விட்டுவிட முடியவில்லை. ஒரே இரத்த வகை என்பதால் குழந்தை நலமாகப் பிறக்கும் என்பதோ, வகை வேறு என்றால் சொந்தத்தில் கட்டினாலும் பாதகமில்லை என்பதோ இரண்டுமே தவறு. மாமன் மகளும் அத்தை மகனும் தங்கள் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கைப் பொதுவாகக் கொண்டவர்கள்; தாலசீமியா போன்ற நோய்களின் மறைவான மரபணு இருவரிடமும் ஒருசேர இருக்கும் வாய்ப்பு அங்கே கூடுகிறது. பொதுவாக 100 குழந்தைகளில் இரண்டு அல்லது மூன்று பேருக்குப் பெரிய பிறவிக் குறைபாடு இருக்கும் என்றால், இத்தகைய திருமணங்களில் அது ஏறக்குறைய இரு மடங்காகிறது. இரத்த வகை இதை முன்கூட்டிச் சொல்லவே சொல்லாது. உறவில் திருமணம் செய்தவர்களில் பெரும்பாலோருக்கு நலமான குழந்தைகள்தான் பிறக்கின்றன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் மரபணு என்று பார்த்தால், அந்நியத்தில் செய்த உங்கள் திருமணம்தான் பாதுகாப்பானது.

அந்த 40,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். இரத்த வகை மரபணுவில் எழுதப்பட்டது. எந்தச் சூரணமும் கஷாயமும் மாத்திரையும் அதை மாற்றாது. மேலே நான் சொன்ன பரிசோதனைகளில் பெரும்பாலானவற்றை அதைவிடக் குறைந்த செலவில் செய்துவிடலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இன்னும் குறைவு.

மீண்டும் கருத்தரித்ததும்

இப்போதிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொள்ளத் தொடங்குங்கள். கர்ப்பம் உறுதியானதும் முதல் வருகையிலேயே 'நான் ஓ நெகட்டிவ், ஒருமுறை டி அண்ட் சி ஆகியிருக்கிறது' என்று சொல்லி ஐ.சி.டி.-யைத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். தாய் சேய் நல அட்டையில் இரத்த வகைக் கட்டம் காலியாக இருந்தால் உடனே நிரப்பச் சொல்லுங்கள். 28-ஆவது வாரத்தில் மறுபடியும் ஐ.சி.டி. பார்த்து, நெகட்டிவ் என்றால் 300 மைக்ரோகிராம் ஆன்டி-டி ஊசி போடுவார்கள். ஊசி போட்ட பிறகு சில வாரங்களுக்கு ஐ.சி.டி. லேசாகப் பாசிட்டிவ் காட்டலாம். அது ஊசியின் தடம். இதற்காகவே ஊசி போட்ட தேதியைக் கர்ப்ப அட்டையில் எழுதி வைக்க வேண்டும்.

குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்தில் அதன் வகையைப் பார்ப்பார்கள். குழந்தை பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் உங்களுக்கு இன்னொரு ஊசி; நெகட்டிவ் என்றால் தேவையில்லை. ஊசி குழந்தைக்கு அல்ல, தாய்க்கு. எந்தக் காரணத்தாலோ 72 மணி நேரம் தவறிவிட்டாலும் விட்டுவிடாதீர்கள். பத்து நாட்கள் வரை போட்டால்கூட ஓரளவு பயன் உண்டு. இந்த ஊசியே இல்லாவிட்டால், ஏ, பி, ஓ வகையில் பொருந்தும் பாசிட்டிவ் குழந்தையைப் பெறும் நெகட்டிவ் தாய்மார் 100 பேரில் சுமார் 16 பேருக்கு எதிர்ப்பொருள் உருவாகும். பிரசவத்துக்குப் பின் போட்டால் அது ஒன்று அல்லது இரண்டாகக் குறைகிறது. 28-ஆவது வாரத்திலும் போட்டால் 1,000 பேரில் ஒருவர் முதல் மூவர் வரைதான். இடையில் இரத்தப்போக்கு, வயிற்றில் பலத்த அடி, பனிக்குட நீர் எடுத்துப் பார்க்கும் பரிசோதனை, கருக்குழாயில் கர்ப்பம் தங்குதல் போன்றவை நேர்ந்தாலும் ஊசி தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இந்த மருந்தின் பெரும்பகுதி, எதிர்ப்பொருள் உள்ள மனிதர்கள் தானம் தரும் பிளாஸ்மாவிலிருந்துதான் இன்றும் எடுக்கப்படுகிறது. ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன் என்பவர் தம் வாழ்நாளில் 1,173 முறை இதற்காகத் தானம் அளித்து, 2025-இல் காலமானார். இந்தியாவில் ஆய்வுக்கூடத்தில் தயாராகும் வகையும் கிடைக்கிறது.

ஒருவேளை எதிர்ப்பொருள் உருவாகியிருந்தால் ஆன்டி-டி ஊசியால் பயன் இல்லை. அப்போது எதிர்ப்பொருளின் அளவைத் தொடர்ந்து பார்த்து, அது 1:16 அல்லது அதற்கு மேல் போனால் குழந்தையின் மூளை இரத்தக்குழாயில் ஓட்டத்தின் வேகத்தை டாப்ளர் ஸ்கேனில் அளந்து இரத்தசோகையைக் கண்டுபிடிப்பார்கள். தேவைப்பட்டால் வயிற்றுக்குள் இருக்கும் குழந்தைக்கே இரத்தம் ஏற்றும் வசதி சென்னை போன்ற நகரங்களில் உண்டு.

உங்களுக்கு ஓ வகை, கணவருக்கு பி வகை என்பதால் இன்னும் இரண்டு செய்திகள். குழந்தைக்கு பி வகை வந்தால், ஆர்.எச்.-உடன் தொடர்பில்லாமல் பிறந்த முதல் ஓரிரு நாட்களில் மஞ்சள் காமாலை வரலாம். முதல் குழந்தைக்கும் வரலாம். பெரும்பாலும் லேசானது, நீல ஒளிச் சிகிச்சையில் சரியாகிவிடும். வீட்டில் வெயிலில் காட்டிக்கொண்டு காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இன்னொன்று, உங்கள் வீட்டார் குறையாகச் சொல்லும் இதே பொருத்தமின்மை உங்களுக்கு ஒரு காப்பும்கூட: உங்கள் இரத்தத்தில் இயல்பாகவே உள்ள பி எதிர்ப்பொருள், உள்ளே நுழையும் பி வகைச் சிவப்பணுக்களை உடல் அடையாளம் காணும் முன்பே அழித்துவிடுவதால், ஊசி இல்லாத நிலையிலும் எதிர்ப்பொருள் உருவாகும் வாய்ப்பு 100-க்கு 16 என்பதிலிருந்து சுமார் இரண்டாகக் குறைகிறது. இதை நம்பி ஊசியைத் தவிர்த்துவிடக் கூடாது என்பது சொல்லாமலே விளங்கும்.

பிரசவத்தில் இரத்தம் தேவைப்பட்டால் உங்களுக்கு ஓ நெகட்டிவ் மட்டுமே ஏற்ற வேண்டும். எட்டாவது மாதத்திலேயே மருத்துவமனையின் இரத்த மையத்தில் சொல்லி வையுங்கள். உடன்பிறந்தவர்களின் வகையைப் பார்த்து வையுங்கள், அவர்களில் யாராவது உங்களைப் போலவே இருக்கக்கூடும்.

இவை எல்லாம் பிறகு. இந்த மாதம் செய்ய வேண்டியது: பழைய மருத்துவமனையின் ஆவணங்கள், கடைசி ஆறு மாத மாதவிலக்குத் தேதிகள், அவை நீடித்த நாட்கள் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு ஒரு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள், ஐ.சி.டி.-யையும் கருப்பை ஸ்கேனையும் நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். கணவரும் உடன் வரட்டும். விந்தணுப் பரிசோதனைக்கு முன் குறைந்தது இரண்டு நாட்கள், அதிகபட்சம் ஏழு நாட்கள் தாம்பத்திய உறவைத் தவிர்த்திருக்க வேண்டும். அதைக் கணக்கிட்டு நாள் குறித்துக்கொண்டால் ஒரே பயணத்தில் இருவருக்கும் பரிசோதனை முடிந்துவிடும்.